எடை சரி, உயரம் மட்டும் பின்தங்குகிறது: 14 மாதப் பெண் குழந்தை

அயனாவரம்_அம்மா | ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

பாப்பாவுக்கு 14 மாதம் முடிந்தது. நேற்று டாக்டரிடம் போனபோது எடை 8.1 கிலோ, நீளம் 70.6 செ.மீ. என்று குறித்தார்கள். எடை பயப்படும்படி இல்லை என்றார் டாக்டர். நீளம்தான் வளர்ச்சி அட்டையில் மைனஸ் 2 கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதாம், அதற்குக் கீழே போனால் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று அர்த்தமாம். இந்த வயதுப் பெண் குழந்தைக்கு அந்தக் கோடு 71.0, நடுக்கோடு (நடுத்தரமாக வளரும் குழந்தையின் அளவு) 76.4. ஒரு வாரம் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பிறந்தபோது 2.7 கிலோ, 48 செ.மீ. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். எட்டாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பினேன். பகலில் அத்தைதான் பார்த்துக்கொள்கிறார், நல்லபடியாகவே பார்த்துக்கொள்கிறார். இன்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்: எழுந்ததும் ஒரு பாட்டில் பால், பத்து மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி (அதுவும் பாட்டிலில்), மதியம் ரசம் சாதம் கரைத்து ஒரு சின்னக் கிண்ணம், சாயங்காலம் ஒரு பாட்டில் பால், இரண்டு பிஸ்கட், ராத்திரி இட்லி பாதி, தூங்கும்போது மறுபடி ஒரு பாட்டில் பால். பாட்டில் 240 மி.லி. அளவு. முட்டை இதுவரை கொடுக்கவில்லை, சூடு என்று அத்தை பயப்படுகிறார். ராத்திரி தாய்ப்பாலும் குடிக்கிறாள்.

"எங்க வம்சமே குள்ளம், இவ அப்பனும் இப்படித்தான் இருந்தான்" என்கிறார் அத்தை. கணவர் 165 செ.மீ., நான் 152. இது பரம்பரையா, சாப்பாடா? சாப்பாடு என்றால் இப்போது மாற்றினால் சரியாகுமா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

---

வேளச்சேரி_அப்பா | ஞாயிறு, இரவு 11.15

முதலில் பதறாதீர்கள் சகோதரி. டாக்டர்கள் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, பெண் குழந்தைக்கு 13-ஐக் கழித்து (ஆணுக்கு 13-ஐக் கூட்டி) பாதியாக்க வேண்டும். உங்களுக்கு 165 + 152 - 13 = 304, பாதி 152. உங்கள் உயரம்தான் அவளுக்கும் வரும் என்று கணக்கே சொல்கிறது, அதற்கு மேலும் கீழும் ஏழெட்டு செ.மீ. போகலாம். உங்கள் அத்தை சொல்வது முழுக்கத் தப்பு இல்லை.

என் மகனும் ஒன்றரை வயதில் கோட்டை ஒட்டித்தான் இருந்தான். உயரம் வேண்டும் என்று வாயில் திணித்துத் திணித்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே அழுகிற குழந்தையாக்கிவிட்டோம். அதிலிருந்து மீள ஒரு வருஷம் ஆனது. தயவுசெய்து அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

---

தராசு_அம்மா | திங்கள், காலை 5.50

அயனாவரம் பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் எண்பதுகளில் மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் சமூக ஊட்டச்சத்துப் பணியாளராக இருந்தவள். இப்போது பெரம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டம் அது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவோம். உத்தரத்தில் தராசைக் கொக்கி போட்டு மாட்டி, பிள்ளையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டு, அது கையைக் காலை உதைக்கிறது நிற்கும் வரைக்கும் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு மாத எடையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, புள்ளியும் புள்ளியும் சேர்ந்த கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். கோடு படுத்துவிட்ட பிள்ளைக்குத்தான் சத்து உருண்டை கொடுப்போம், எல்லோருக்கும் கிடையாது. கோடு நிமிர்ந்ததும் நிறுத்திவிடுவோம்.

அதனால் உங்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். பாப்பாவை எப்படி அளந்தார்கள்? இரண்டு வயதுக்குள் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், தலைப் பக்கம் ஒருவர், கால் பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும். நிற்க வைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. குறைந்து காட்டும். உங்கள் பாப்பாவுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் 0.4 செ.மீ. எப்படி அளந்தார்கள் என்று தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பழைய அட்டை இருந்தால் ஆறாம் மாத நீளம், ஒன்பதாம் மாத நீளம் எல்லாம் எழுதுங்கள்.

---

அயனாவரம்_அம்மா | திங்கள், காலை 7.20

நன்றி அம்மா. படுக்க வைத்துத்தான் அளந்தார்கள், ஆனால் பலகை இல்லை. மேஜையில் போட்டிருந்த காகிதத்தில் தலைக்கும் காலுக்கும் பேனாவால் கோடு போட்டு டேப்பால் அளந்தார்கள். அவள் அழுது முழங்காலை மடக்கிக்கொண்டே இருந்தாள்.

பழைய அட்டை: ஆறு மாதம் 64.5, ஒன்பது மாதம் 67.0, பன்னிரண்டு மாதம் 69.2.

---

அடையார்_உணவியல் | திங்கள், மதியம் 1.05

நான் உணவியல் முதுகலை படிக்கிறேன், டாக்டர் இல்லை. ஆனால் இந்த நான்கு எண்களைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆறு மாதத்தில் நடுக்கோடு 65.7. உங்கள் பாப்பா 64.5. கிட்டத்தட்டக் கூடவேதான் போய்க்கொண்டிருந்தாள் அக்கா. ஒன்பதில் நடுக்கோடு 70.1, அவள் 67.0. பன்னிரண்டில் 74.0, அவள் 69.2. வேலைக்குப் போன குற்ற உணர்ச்சியில் இதைப் படிக்காதீர்கள், அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. தாய்ப்பால் மட்டும் குடித்த காலத்தில் ஒரு குறையும் இல்லை, கட்டி உணவு தொடங்கிய பிறகுதான் கோடு சரிகிறது. நம் நாட்டில் எத்தனையோ குழந்தைகளுக்குக் கோடு சரிவது இந்த ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவில்தான்.

பரம்பரை பற்றி: அந்தக் கோடுகள் வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்துப் போட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது. இந்தியாவில் அளந்தது தெற்கு டெல்லியில். தாய்ப்பால், நல்ல உணவு, சுகாதாரமான வீடு, புகை பிடிக்காத அம்மா என்று எல்லாம் கிடைத்த குழந்தைகள். அந்த வயதில் ஆறு ஊர்க் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். அதை வைத்துத்தான் 2006-ல் இந்த அட்டை வந்தது. முதல் இரண்டு வருஷத்தில் வம்சத்தைவிடச் சாப்பாடும் நோயும்தான் அதிகம் பேசுகின்றன.

வேளச்சேரி அண்ணா சொன்ன கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அதில் போடுகிற 165-ம் 152-ம் எங்கிருந்து வந்தன? அந்த அப்பாவும் அம்மாவும் ஒன்றரை வயதில் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. 1896-ல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996-ல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். நூறு வருஷத்தில் ரத்தம் மாறாது, தட்டில் இருப்பதுதான் மாறும்.

---

வேளச்சேரி_அப்பா | திங்கள், மதியம் 2.30

கொரியாக் கணக்கு எனக்குப் புதிது, யோசிக்க வேண்டியதுதான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நம் குழந்தைகள் பிறக்கும்போதே மெலிந்து பிறக்கிறார்கள், ஆனால் உடம்பில் கொழுப்பு குறைவில்லை என்று புனே ஆராய்ச்சியாளர்கள் சொன்னதைப் படித்திருக்கிறேன். அப்படி இருக்க, நெய்யும் சர்க்கரையுமாக ஏற்றினால் உயரத்துக்குப் பதில் தொப்பைதானே வரும்? என் வீட்டில் சர்க்கரை நோய் இருக்கிறது, அந்தப் பயத்தில் கேட்கிறேன்.

---

அடையார்_உணவியல் | திங்கள், மாலை 6.40

நியாயமான பயம் அண்ணா. அதனால்தான் எடை ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது, நீளமும் சேர்ந்து ஏற வேண்டும். பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட பாலும் எடையை ஏற்றும், எலும்பை நீட்டாது. நீளத்துக்குப் புரதம், துத்தநாகம், இரும்பு என்று பலதும் சேர்ந்து வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் வழியாக வருகிற எடை வேறு மாதிரி. நெய்யை நான் நிறுத்த மாட்டேன், இந்த வயதுக்கு நல்ல கொழுப்பு வேண்டும். சர்க்கரையை நிறுத்திவிடுவேன்.

---

பெருங்குடி_தாய் | திங்கள், இரவு 9.10

உங்கள் எழுத்தைப் படிக்கும்போது என் கதையைப் படிக்கிற மாதிரி இருக்கிறது. என் பையன் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்தான், காலை எட்டு முதல் மாலை ஏழு வரை. அங்கே அழுதால் பால். நான் கட்டிக் கொடுத்த பருப்பு சாதம் டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். "பால் நல்லாக் குடிச்சான்மா" என்பார்கள், நானும் சந்தோஷப்படுவேன். ஒன்றே கால் வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.6, ரத்தசோகை. பாலில் இரும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, வயிற்றை மட்டும் நிரப்பும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு வயதுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 400 முதல் 500 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்று என் டாக்டர் சொன்னார். உங்கள் பாப்பா மூன்று பாட்டில், 720. அதைக் குறைத்தாலே பசி வரும்.

ரத்தப் பரிசோதனையும் கேட்டு எடுத்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குள் நூற்றுக்கு 57 குழந்தைகளுக்கு ரத்தசோகை. வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 25. நாடு முழுவதும் அது 35.5. நாம் பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் நான்கில் ஒரு பிள்ளை. அங்கன்வாடியில் இரும்புச்சத்து சிரப் தருகிறார்கள், வாரம் இரண்டு தடவை 1 மி.லி. வாங்காமல் விடாதீர்கள்.

---

தராசு_அம்மா | செவ்வாய், காலை 6.05

கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் என் மனதை உறுத்துகிறது.

பாட்டிலில் போகிற கஞ்சி என்றால் அது எவ்வளவு தண்ணீராக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நிப்பிள் ஓட்டை வழியாக இறங்க வேண்டுமே! ஒரு பெரிய ஸ்பூன் கேழ்வரகு மாவு, பத்து கிராம் இருக்கும், அதில் 30 கலோரி சொச்சம். அதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் டம்ளர் முழுக்க அந்த 30 கலோரிதான். தாய்ப்பாலில் அதே அளவில் 130 இருக்கும். எட்டு கிலோக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 240 மி.லி. தாங்கினால் அதிகம். கஞ்சியைக் குடித்து வயிறு நிரம்பித் தூங்கிவிடும், நாமும் நன்றாகச் சாப்பிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஒரு வயதுக்கு மேல் தாய்ப்பால் போக மற்ற உணவிலிருந்து நாளைக்கு 550 கலோரி வர வேண்டும். தண்ணிக் கஞ்சியில் அது வரவே வராது.

நாங்கள் தாய்மாரிடம் சொல்வது ஒரே சோதனைதான். ஸ்பூனில் எடுத்துச் சாயுங்கள். உடனே வழிந்தால் அது சாப்பாடு இல்லை, தண்ணீர். மெதுவாக நகர்ந்து கட்டியாக விழ வேண்டும்.

கேழ்வரகை நான் குறை சொல்ல மாட்டேன், சுண்ணாம்புச்சத்து அவ்வளவு இருக்கிறது அதில். ஆனால் முளைகட்டிக் காய வைத்து அரைத்துப் பாருங்கள். முளைவிட்ட மாவில் இருக்கிற நொதி கஞ்சியை இளக்கிவிடும், அதனால் இரண்டு மடங்கு மாவு போட்டாலும் கஞ்சி இறுகாது, பிள்ளை விழுங்கும். ராத்திரி ஊற வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் சென்னை வெயிலுக்கு ஒரே நாளில் முளை வந்துவிடும். நிழலில் காய வைத்து, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். கருக வறுத்தால் அந்த நொதி போய்விடும். இறக்கிய பின் ஒரு டீஸ்பூன் நெய் விட்டால் அதிலேயே 40 கலோரி, உங்கள் பாட்டில் கஞ்சி மொத்தத்தையும்விட அதிகம்.

ஸ்பூனில் கொடுங்கள், பாட்டிலில் வேண்டாம்.

---

காசிமேடு_தம்பி | செவ்வாய், காலை 9.30

எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பத்தாம் மாதமே மீன் வந்துவிடும். நெத்திலியை மஞ்சள் உப்பில்லாமல் வேகவைத்து, தலை கிள்ளி, மீதியை முள்ளோடு சேர்த்து நசுக்கினால் மாவாகிவிடும். அதைச் சூடான சாதத்தில் பிசைந்து கொடுப்போம். பெரிய மீன் என்றால் முள் பார்க்க வேண்டும், விரலால் தடவித் தடவித்தான் ஊட்டுவார் என் அம்மா. விலையும் சீலா, வவ்வால் மாதிரி இல்லை அக்கா. முட்டைக்கு வீட்டில் ஒத்துக்கொள்ளாவிட்டால் இதற்கு ஒத்துக்கொள்வார்களா பாருங்கள்.

---

அயனாவரம்_அம்மா | செவ்வாய், இரவு 11.00

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்று வேறு இடத்தில் பலகை வைத்து இரண்டு பேர் பிடித்து அளந்தார்கள். 70.4. ஆக, அளவு தப்பு இல்லை, உண்மைதான். கொஞ்ச நேரம் அழுதேன். ஹீமோகுளோபின் 9.8.

தராசு அம்மா சொன்ன ஸ்பூன் சோதனையை அத்தை முன்னாலேயே செய்தேன். கஞ்சி மூக்குச்சளி மாதிரி சட்டென்று வழிந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "மூணு புள்ளைக்கும் இப்படித்தான் குடுத்தேன், யாரும் எனக்குச் சொல்லலையே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. அன்றைக்கு ரேஷன் அரிசியில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்.

முட்டை பற்றி மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். கொடுக்கலாமா?

---

அடையார்_உணவியல் | புதன், காலை 8.15

கொடுக்கலாம் அக்கா, ஆறு மாதத்துக்குப் பிறகே கொடுக்கலாம். வெள்ளையும் மஞ்சளும் நன்றாக வெந்திருக்க வேண்டும், முதல் தடவை ஒரு ஸ்பூன் கொடுத்து உடம்பில் தடிப்பு ஏதும் வருகிறதா பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

ஆனால் முட்டை மந்திரம் என்று நினைக்க வேண்டாம். ஈக்வடாரில் ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள், 2017-ல் வெளிவந்தது, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 47 சதவீதம் குறைந்தார்கள். அதே மாதிரி மலாவியில் செய்தபோது நீளத்தில் வித்தியாசமே வரவில்லை. அங்கே குழந்தைகள் முன்பே ஏரி மீன் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புரதம் இல்லாத தட்டில் முட்டை பெரிய விஷயம், இருக்கிற தட்டில் அவ்வளவு இல்லை. உங்கள் பாப்பாவின் பட்டியலில் பாலைத் தவிர எதுவும் இல்லையே, ரசம் சாதத்தில் பருப்புகூட அடியில் தங்கிவிடும்.

"இப்போது மாற்றினால் சரியாகுமா" என்று கேட்டிருந்தீர்கள். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில், இரண்டில் புரதக் கூழும் இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். கூழ் குடித்த குழந்தைகள் உயரமாக வளர்ந்தது மூன்று வயதுக்குள்தான், அதற்குப் பிறகு கொடுத்ததில் உயரத்துக்குப் பெரிய பலன் இல்லை. உங்கள் பாப்பாவுக்கு 14 மாதம்தான். கதவு நன்றாகவே திறந்திருக்கிறது.

---

தராசு_அம்மா | புதன், காலை 8.50

இன்னொன்று. ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு எத்தனை தடவை வயிற்றுப்போக்கு வந்தது, அப்போது என்ன கொடுத்தீர்கள்?

---

அயனாவரம்_அம்மா | புதன், மதியம் 12.40

மூன்று தடவை அம்மா. மழைக்காலத்தில் இரண்டு தடவை, எங்கள் தெருக் குழாயில் கலங்கலாக வந்தபோது. ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணீர்தான். வயிற்றுக்கு ஓய்வு வேண்டும் என்று.

---

தராசு_அம்மா | புதன், மதியம் 1.15

அதைத்தான் நினைத்தேன். மூன்று வாரம் பட்டினி, கண்ணு. வயிற்றுப்போக்கிலும் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. தாய்ப்பால், குழைந்த பருப்பு சாதம், வாழைப்பழம், தயிர், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை 14 நாள், போக்கு நின்ற பிறகும் முடிக்க வேண்டும். உடம்பு தேறிய பின் இரண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள், இழந்ததை அப்போதுதான் பிடிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள், கேன் தண்ணீராக இருந்தாலும்.

---

வேளச்சேரி_அப்பா | புதன், இரவு 10.00

ஊட்டும் விஷயத்தில் மட்டும் நான் முன்னால் சொன்னதையே சொல்கிறேன். நாம் எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது நம் கையில். எவ்வளவு என்பதை அவள் சொல்லட்டும். வாயை மூடித் தலையைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி. செல்போன் வேண்டாம்.

---

அயனாவரம்_அம்மா | மூன்று மாதம் கழித்து, ஞாயிறு மாலை 5.30

இந்த இழையை மேலே கொண்டு வருகிறேன், யாராவது என்னைப் போலத் தேடி வந்தால் உதவும்.

பாட்டிலை மூன்றிலிருந்து ஒன்றாக்கினோம், பிறகு டம்ளருக்கு மாற்றினோம். முதல் நான்கு நாள் அழுகை. ஐந்தாம் நாள் மதியம் பருப்பு சாதம் ஒரு கிண்ணம் காலி. இப்போது காலையில் முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் நெய்யோடு, பத்து மணிக்கு மசித்த வாழைப்பழமோ கொய்யாவோ, மதியம் கெட்டிப் பருப்பு சாதத்தில் முருங்கைக்கீரை அல்லது பாதி முட்டை, சாயங்காலம் வேர்க்கடலைப் பொடி தூவிய இட்லி, ராத்திரி தயிர் சாதம். புதனும் ஞாயிறும் நெத்திலி. இரும்பு மருந்து போய்க்கொண்டிருக்கிறது. முட்டையை அவித்து, உரித்து, மஞ்சள் கருவைச் சாதத்தில் பிசைவது அத்தைதான். வேறு யார் பிசைந்தாலும் அவருக்குத் திருப்தி இல்லை. பாப்பா கறிவேப்பிலையை மட்டும் எடுத்து அத்தை வாயில் வைக்கிறாள்.

நேற்று அதே பலகை. 17 மாதம், 73.9 செ.மீ. மைனஸ் 2 கோடு 74.0.

---

தராசு_அம்மா | ஞாயிறு, இரவு 7.10

70.4-லிருந்து 73.9 என்றால் மூன்று மாதத்தில் 3.5. நடுக்கோட்டுக் குழந்தை இந்த மூன்று மாதத்தில் 3.3 வளரும். அதைவிடக் கொஞ்சம் வேகமாகவே போயிருக்கிறாள். அளவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அப்படி இப்படி இருக்கும், அதனால் இந்த ஒரு அளவை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், இன்னும் கோட்டுக்குக் கீழே என்று கலங்கவும் வேண்டாம். அவள் கோடு நிமிர்ந்திருக்கிறது. இருபதாம் மாதம் அதே பலகையில் அளந்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.